பனி ஓடும் ஆற்றில் பரீட்சைக்கு

அந்த வருஷம் யூகான் ஆற்றில் பனி முந்திக்கொண்டது. அக்டோபர் நடுவில், இன்னும் ஒரு வாரமாவது படகு ஓடும் என்று எல்லாரும் நினைத்திருந்த நேரம். வியாழக்கிழமை விடிந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்கிய ஹேஸல் பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். ஆற்றின் சத்தம் மாறியிருந்தது. யாரோ ஓயாமல் சல்லடையில் சர்க்கரை சலிப்பதுபோல ஒரே சீராக ஓர் ஓசை. கிட்டே போய்ப் பார்த்தால் தண்ணீர் முழுக்கப் பனிக்கூழ். நடுநடுவே தோசைக்கல் அகலத்துக்கு வட்ட வட்டமாகப் பனித்தட்டுகள், ஒன்றோடொன்று உரசி விளிம்பு மடங்கி, அவசரமில்லாமல் கீழே போய்க்கொண்டிருந்தன.

வாளியை நிரப்பிக்கொண்டு மேலே வந்தாள். மரவீட்டுக்குள் அடுப்பு கணகணவென்று எரிந்தது. மகள் வின்னி மேசைமுன் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, காய்ந்த சால்மன் துண்டைக் கடித்தபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பதினேழு வயசு. போட்டிருந்தது அப்பாவின் கம்பளிச் சட்டை. பிடிவாதம் மட்டும் அம்மாவினுடையது.

“ஆத்துல பனி இறங்கிடுச்சு,” என்றாள் ஹேஸல்.

பென்சில் நின்றது. “நிறையவா?”

“வேண்டிய மட்டும்.”

“அப்பா?”

“வந்தா உனக்குத் தெரியாமலா போகும்? இன்ஜின் சத்தம் மலைக்கு அந்தப் பக்கமே கேக்கும்.”

கார்ல் பெரிய படகை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிளையாற்றில் மேலே போயிருந்தான். குளிர்காலத்தில் பொறி வைக்கும் இடத்தில் ஒரு சின்னக் குடில் உண்டு. அதற்கு மாவும் மண்ணெண்ணெயும் சேர்த்துவிட்டுப் புதன்கிழமை திரும்புவதாகச் சொல்லியிருந்தான். அப்புறம் மூன்று பேருமாக லாரன்ஸ் பாயிண்ட் ஊருக்குப் போவதாகப் பேச்சு. நல்ல நாளில் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். அங்கே பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை வின்னிக்குப் பரீட்சை. கல்லூரியில் சேர நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிற பரீட்சை. லாரன்ஸ் பாயிண்டில் இலையுதிர் காலத்தில் ஒரே ஒரு தடவைதான் நடத்துவார்கள். அதை விட்டால் ஆறு கெட்டியாக உறையும்வரை படகும் ஓடாது, பனிவண்டியும் ஓடாது. அதற்குள் விண்ணப்பத்துக்கான கெடு முடிந்துவிடும்.

வேறு பிள்ளையாக இருந்தால் பரீட்சை இல்லாமலும் சமாளித்திருக்கலாம். பள்ளிக்கூடம் ஒன்று அவர்களுக்காகப் பேசும். வின்னிக்குப் பள்ளிக்கூடம் இந்த மேசைதான். ஆரம்பத்தில் மாநிலத் தலைநகர் ஜூனோவிலிருந்து அரசாங்கம் பெட்டி பெட்டியாகப் பாடம் அனுப்பியது. ஒரு கட்டத்தில் பெட்டிக்குள் இருந்தது அவளுக்குப் போதவில்லை. அப்புறம் தபாலில் நூலகப் புத்தகங்கள் வந்தன. ஹேஸல் இரவில் படித்துப் பகலில் சொல்லிக்கொடுத்தாள். வின்னி பதினைந்தைத் தொட்டபின் மகள் பகலில் படித்ததை அம்மா ராத்திரி படித்துப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஆற்றை அளக்க வந்த குழு ஒன்று ஒரு கோடை முழுக்க இவர்கள் கரையில் கூடாரம் போட்டிருந்தது. அதில் இருந்த ஒரு பெண்மணி நாட்டின் கிழக்குக் கடற்கரைப் பக்கம் தான் படித்த கல்லூரியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனாள். அவளே பரிந்துரையும் எழுதித் தந்தாள். நூறு பேர் கேட்டால் பத்துப் பேருக்குக்கூட இடம் தராத கல்லூரி அது. வின்னிக்கு அன்றிலிருந்து வேறு பேச்சில்லை. ஆறு எப்படி மண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறது, எங்கே போடுகிறது என்று சொல்லித்தரும் படிப்பு அங்கே இருக்கிறதாம்.

அந்தக் கல்லூரியிலிருந்து ஆகஸ்டில் மரியாதையாக ஒரு பதில் வந்திருந்தது. மாணவியின் மதிப்பெண்கள் எல்லாம் தாயாரே இட்டவை என்பதால் பொதுத்தேர்வைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்போம் என்று. படித்துவிட்டு ஹேஸல் அடுப்புக் கதவைச் சாத்திய வேகத்தில் புகைக்குழாயிலிருந்து கரி உதிர்ந்தது.

“நான் என்ன அள்ளியா வீசினேன் மார்க்கை?” என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வரலாத்துல எனக்கு பி கிரேடு போட்ட அம்மா உலகத்துலயே நீ ஒருத்திதான். அதை அவங்களுக்கு எழுதிப் போடு,” என்பாள் வின்னி.

“தங்கம் தேடி வந்தவனைப் பத்தி எழுதச் சொன்னா, வந்தவன் எழுதின புத்தகத்தை மட்டும் பாத்து எழுதினே. அவன் வந்து இறங்கினது யாரோட கரை? உங்க அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அது பி தான்.”

வியாழக்கிழமை முழுக்கக் கார்லுக்காகக் காத்திருந்தார்கள். சாயங்காலம் ஹேஸல் ரேடியோவை எடுத்தாள். அந்த ஆற்றில் செல்போன் எட்டிப்பார்க்காத காலம் அது. கரை நெடுக எல்லார் வீட்டிலும் ரேடியோப் பெட்டி உண்டு, எல்லாரும் ஒரே அலைவரிசையில். ஒருத்தர் பேசினால் ஊரே கேட்கும்.

“மதினி, இருக்கீங்களா? இங்க பனி ஓட ஆரம்பிச்சிடுச்சு. உங்க தம்பி இன்னும் வரலை.”

கார்லின் அக்கா டெல்ஃபின்தான் லாரன்ஸ் பாயிண்டில் தபால் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவள். “இங்கயும் ஓடுது, ஹேஸல். கிளையாறு உறைஞ்சிருக்கும். படகை ஏத்திப் போட்டுட்டு நடந்து வருவான். அவனைப் பத்திக் கவலைப்படாதே. நீ என்ன பண்ணப் போறே?”

“சின்னப் படகு இருக்கு.”

உடனே குறுக்கே ஓர் ஆண் குரல் வந்தது. விமான ஓடுபாதையைப் பார்த்துக்கொள்ளும் ஓட்டிஸ். “அந்தச் சோப்புப் பெட்டியா? அதுல நான் வாத்து சுடக்கூடப் போகமாட்டேன்.”

“உன்னை யாரு இதுல கூப்பிட்டா, ஓட்டிஸ்?”

“யாரும் கூப்பிடலை. சும்மா கேட்டுக்கிட்டிருக்கேன். ஊரே கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு. வின்னி, உனக்குப் பரீட்சை முக்கியமா, மூக்கு முக்கியமா? விறைச்சுப்போன மூக்கோட காலேஜ்ல சேத்துக்குவாங்களான்னு கேட்டுக்கோ.”

வின்னி அம்மா கையிலிருந்து மைக்கை வாங்கினாள். “மாமா, மூக்கைப் பத்தி ஃபாரத்துல ஒண்ணும் கேக்கலை.”

ரேடியோவில் எங்கோ இரண்டு மூன்று வீடுகளில் சிரித்தார்கள். டெல்ஃபின் சிரிக்கவில்லை. “ஹேஸல், உன் இஷ்டம். பரீட்சை அடுத்த வருஷமும் வரும்.”

“யோசிக்கிறேன் மதினி.”

யோசிக்க ஒன்றும் இல்லை என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை கார்ல் வரவில்லை. பனித்தட்டுகள் மேசை அகலத்துக்குப் பெருத்திருந்தன. “சின்னப் படகில் போகிறோம்” என்று கதவில் கரியால் எழுதிவிட்டு, பெட்ரோல், கோடாரி, கழி, போர்வை, ஒரு பானை மூஸ் மான் கறி, கையடக்க ரேடியோ எல்லாவற்றையும் ஏற்றினாள். வின்னியின் பென்சில்களும் அடையாளச் சீட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றி அவள் சட்டைக்குள் போயின. நாய்களுக்கு மூன்று நாள் மீனைப் போட்டுவிட்டுப் படகைத் தள்ளினார்கள்.

ஹேஸல் பின்னால் இன்ஜினில். வின்னி முன்னால் மண்டியிட்டுக் கழியோடு. பெரிய தட்டு ஒன்று எதிரே வந்தால் கழியால் ஊன்றி ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் படகைத் திருப்ப வேண்டும். அலுமினியத்தில் பனி உரசும் சத்தம் பல்லைக் கூசவைத்தது.

“இடது பக்கம்! இல்ல இல்ல, உன்னோட இடது!”

“எனக்கு இருக்கிறது ஒரே இடதுதான்டி!”

முதல் வளைவைத் தாண்டியதும் வின்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வந்த சிரிப்பா, சந்தோஷத்தில் வந்ததா என்று அவளுக்கே தெரியாது. முகத்தில் தெறித்த தண்ணீர் புருவத்தில் உறைந்து வெள்ளையாக நின்றது. திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

இரண்டாவது வளைவில் இன்ஜின் மக்கர் பண்ணியது. பக்கவாட்டில் பீச்சிக்கொண்டிருக்க வேண்டிய தண்ணீர் நின்றுவிட்டது. பனிக்கூழ் உள்ளே போய் அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்குக் குளிர்ந்த தண்ணீர் போகாது. அப்படியே ஓட்டினால் வெந்துபோகும். ஹேஸல் நிறுத்தி, இன்ஜினைத் தூக்கி, கையுறையைக் கழற்றிக் கம்பியால் குத்தி எடுத்தாள். விரல் மரத்துப்போனது. வாயில் வைத்துச் சூடேற்றிவிட்டு மறுபடி குத்தினாள். படகு பனியோடு பனியாகத் தானே மிதந்துகொண்டிருந்தது.

“போகுதா அம்மா?”

“பாக்கிறேன்.”

கயிற்றை இழுத்தாள். இன்ஜின் இருமிவிட்டு அடங்கியது. அந்த நிமிஷத்தில் ஹேஸலுக்குள் என்னமோ லேசாயிற்று. போகவில்லை என்றால் போகவில்லை, கரையேறி வீட்டுக்கு நடந்துவிடலாம், பிள்ளை இங்கேயே இருக்கும். அந்த நினைப்பு வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே உடம்பு கூசியது. முன்னால் வின்னி இரண்டு கையாலும் கழியைப் பிடித்து, தன்னைவிடப் பெரிய பனித்தட்டு ஒன்றை நெஞ்சால் தள்ளிக்கொண்டிருந்தாள். ஹேஸல் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, காலை உதைத்து, தோள் கழன்றுவிடும்போல இழுத்தாள். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

இப்படியே நிறுத்தி, குத்தி, இழுத்து, ஓட்டி, இடையிடையே படகில் படிந்த பனியைக் கோடாரியின் மொண்ணைப் பக்கத்தால் தட்டி உதிர்த்து, பாதி தூரம்தான் வர முடிந்தது. வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் ரேடியோவில் ஓட்டிஸ் கூப்பிட்டான்.

“சோப்புப் பெட்டி, சோப்புப் பெட்டி, எங்க இருக்கே?”

“உன் மீன்பிடிக் குடிலுக்கு எதிர்ல.”

“அங்கயே ஏறிடு. சாவி கதவுமேல மாட்டின மான் கொம்புக்குப் பின்னாடி. விறகு உள்ள இருக்கு. அலமாரில காப்பித்தூள் இருக்கும், எலி விட்டு வெச்சிருந்தா.”

ஓட்டிஸின் குடிலில் அடுப்பை மூட்டி, கையுறைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, மூஸ் கறியைச் சூடாக்கிச் சாப்பிட்டார்கள். எலி காப்பித்தூளை விட்டுவைத்திருந்தது. வின்னியின் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். ஹேஸல் நெய்போல இருந்த கரடிக் கொழுப்பைத் தடவிவிட்டாள்.

“நாளைக்குப் பென்சில் பிடிக்க முடியுமா?”

“பல்லால கடிச்சுக்கிட்டு எழுதுவேன்.” அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளிவிட்டு வின்னி கேட்டாள். “அம்மா, அப்பா இருந்திருந்தா திரும்பிப் போகச் சொல்லியிருப்பார் இல்ல?”

“உங்கப்பா பாட்டுப் பாடிக்கிட்டே ஓட்டியிருப்பார். அவருக்கு நீ போறதுல ஒரு கஷ்டமும் இல்லை.”

“உனக்கு இருக்கா?”

ஹேஸல் கொழுப்பு டப்பாவை மூடினாள். பதின்மூன்று வயசில் அவளை ஒரு விமானத்தில் ஏற்றி எங்கோ தெற்கே ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் ஆற்றுக்கரைப் பழங்குடிப் பிள்ளைகளை அப்படித்தான் பொறுக்கிக்கொண்டு போவார்கள். பதினாறில் திரும்பி வந்தபோது அவள் தாய்மொழியில் பாதி போயிருந்தது. துணி வெளுக்கவும் வாயை மூடிக்கொண்டிருக்கவும் பழகியிருந்தாள். தன் பிள்ளையை எந்த விமானத்திலும் ஏற்றமாட்டேன் என்று சொல்லித்தான் அந்த மேசையைப் பள்ளிக்கூடமாக்கினாள். வின்னிக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் கேட்டாள்.

“இருக்கு,” என்றாள் ஹேஸல். “ஏன் இல்லாம? என்னை யாரும் ‘போறியா’ன்னு கேக்கலை. ஏத்திவிட்டாங்க. நீ ரெண்டு வருஷமா ‘போறேன், போறேன்’னு என் உசிரை வாங்குறே. ரெண்டும் வேறன்னு புத்திக்குத் தெரியுது. வயித்துக்குத் தெரியலை.”

“வேணாம்னா சொல்லு.”

“இப்பச் சொல்றே. பாதி ஆறு தாண்டி வந்து, என் விரல் பத்தும் செத்துப்போனதுக்கு அப்புறம். பேசாம படு.”

வின்னி சிரித்துக்கொண்டே போர்வைக்குள் போனாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. “கேள்வித்தாள்ல கட்டுரை வந்தா யாரைப் பத்தி எழுதணும்னு எனக்குத் தெரியும்.”

“பி-தான் வரும். தூங்கு.”

மறுநாள் கண் தெரிகிற அளவுக்கு விடிந்ததுமே படகை இறக்கிவிட்டார்கள். பரீட்சை பத்து மணிக்கு. அக்கம்பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைக் கொண்டுவரும் விமானம் வெளிச்சத்தில்தான் இறங்க முடியும் என்பதால் அந்த நேரம். ஆறு இன்னும் மோசமாகியிருந்தது. கரையோரப் பனி இரண்டு பக்கமும் நீண்டு, நடுவில் ஓடும் வழி குறுகி, அதில் தட்டுகள் முண்டியடித்துக்கொண்டு போயின. ஆனால் ஓட்டம் வேகமாக இருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டுத் துடுப்பும் கழியுமாகப் போனாலும் ஆறே இழுத்துக்கொண்டு போயிற்று.

லாரன்ஸ் பாயிண்டில் அன்றைக்கு யாரும் வேறு வேலை பார்க்கவில்லை. அதெல்லாம் டெல்ஃபின் பிற்பாடு கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதுதான். மேட்டில் நின்று தொலைநோக்கியில் பார்த்தவர்கள் ரேடியோவில் சொல்ல, வீட்டுக்குள் இருந்தவர்கள் அதை அடுத்த வீட்டுக்குக் கத்தினார்களாம். பள்ளித் தலைமையாசிரியர் ப்ரூயிட் ஒஹையோவிலிருந்து புதிதாக வந்தவர். விதி தவறாதவர். கேள்வித்தாளைப் பிரித்துவிட்டால் அப்புறம் ஒருவரையும் உள்ளே விடக் கூடாது என்பது விதி. பத்து மணிக்கு அறிவுரைகளை வாசிக்கத் தொடங்கியாக வேண்டும் என்பதும் விதி. எவ்வளவு வேகத்தில் வாசிக்க வேண்டும் என்று விதியில் இல்லை. அவர் தொண்டையைக் கனைத்துக் கனைத்து, ஒவ்வொரு வரியையும் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல வாசித்தார். பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

“சார், பேரை எங்க எழுதணும்?”

“பெயர் என்று போட்டிருக்கிற கட்டத்தில், மெல்வின்.”

“முழுப் பேருமா சார்?”

“முழுப் பெயரும்.”

“சார், என் நடுப்பேர்ல ஒரு ‘எல்’லா ரெண்டு ‘எல்’லா? வீட்டுல போய்க் கேட்டுட்டு வரட்டா?”

ப்ரூயிட் அவனை முறைத்தார். ஆனாலும் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல், “உட்கார். நன்றாக யோசித்துப் பார்,” என்றார்.

அதற்குள் சின்னப் படகு கடைசி வளைவைத் திரும்பியிருந்தது. ஊருக்கு முன்னால் கரைப்பனி ஆற்றுக்குள் வெகுதூரம் நீண்டிருந்தது. படகு அதன் விளிம்பில் போய் மோதியது. பனி கரகரவென்று நொறுங்கியதே தவிர வழிவிடவில்லை. நிற்கவும் தாங்காது, உடையவும் செய்யாது, அப்படியொரு பனி. கரையிலிருந்து ஓட்டிஸ் ஒரு நீள ஏணியைப் பனிமேல் தள்ளிக்கொண்டு குப்புறப் படுத்தபடி வந்தான். அவன் காலைப் பிடித்துக்கொண்டு இன்னொருவன், அவன் காலை இன்னொருவன்.

“சோப்புப் பெட்டி வந்துருச்சு!” என்றான் ஓட்டிஸ், மூச்சு வாங்க. “வின்னி, ஏணிமேல படுத்து வா. நடக்காதே. பல்லி மாதிரி வா.”

வின்னி பல்லி மாதிரிப் போனாள். பாதியில் ஏணிக்கடியில் தண்ணீர் பொங்கி அவள் முழங்கால் வரை நனைத்தது. ஓட்டிஸ் சட்டையைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கம் தள்ளினான். ஹேஸல் படகை இழுத்துக் கட்ட முளை தேடி, ஒரு காலை விளிம்பில் ஊன்றினாள். விளிம்பு உடைந்தது. இடுப்பு வரை ஆற்றில் இறங்கிவிட்டாள். படகின் ஓரத்தைப் பிடித்திருந்த கை மட்டும் விடவில்லை.

“அம்மா!” வின்னி திரும்பி ஏணியில் மறுபடி காலை வைத்தாள்.

ஹேஸலுக்கு மூச்சே வரவில்லை. குளிர் நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. ஆனாலும் குரல் வந்தது. இத்தனை வருஷம் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பேசிய அதே குரல்.

“திரும்புறியா? திரும்பிப் பாரு, தெரியும். உன் அம்மா சொல்லலை, உன் தலைமையாசிரியை சொல்றேன். பள்ளிக்கூடத்துக்குப் போ.”

ஓட்டிஸ் ஏற்கெனவே கயிற்றை எறிந்திருந்தான். “போ புள்ளே, உங்கம்மாவை நான் பாத்துக்கிறேன். இவங்க எங்கயும் போக மாட்டாங்க, இந்த ஆறு இவங்களை வெச்சுச் சமாளிக்காது.”

வின்னி ஓடினாள். ஈரக் காற்சட்டை ஓட ஓட உறைந்து தகரம்போலச் சத்தம் போட்டது. தபால் நிலைய வாசலில் டெல்ஃபின் தன் வீட்டுக்காரரின் காற்சட்டையோடும் கம்பளிக் காலுறையோடும் நின்றாள். மாற்றிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, வின்னி வகுப்பறைக்குள் நுழைந்தபோது ப்ரூயிட் கடைசிப் பத்தியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“பெயர்?” என்றார்.

சொன்னாள்.

“பள்ளி?”

“வீடு,” என்றாள்.

“உட்காருங்கள்,” என்றார் அவர். பின் கேள்வித்தாள் கட்டைப் பிரித்தார்.

ஹேஸலை டெல்ஃபின் வீட்டு அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்து, மூன்று போர்வை சுற்றி, கொதிக்கக் கொதிக்க மீன் ரசம் கொடுத்தார்கள். பல் அடித்துக்கொண்டு கிண்ணத்தில் தாளம் போட்டது. உடம்பெல்லாம் நடுங்கியது. ஆனால் சிரிப்பை மட்டும் நிறுத்த முடியவில்லை. அப்போதுதான் ரேடியோவில் கார்ல் வந்தான். கிளையாற்றில் படகை ஏற்றிப்போட்டுவிட்டு நடந்தே வீடு சேர்ந்திருந்தான்.

“யாராவது இருக்கீங்களா? இங்க வீட்டுல யாரையும் காணோம். கதவுல சின்னப் படகுல போறதா எழுதியிருக்கு. என் பொண்டாட்டி எங்க?”

ஊரே மைக்கை எடுத்தது. ஒருத்தி ‘ஆத்துல விழுந்துட்டா’ என்றாள், இன்னொருவன் ‘ஏணி’ என்றான், ஓட்டிஸ் ‘சோப்புப் பெட்டி’ என்றான். கார்லுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டெல்ஃபின்தான் அதட்டி எல்லாரையும் அடக்கிவிட்டு ஹேஸலிடம் மைக்கைக் கொடுத்தாள்.

“நான் நல்லாத்தான் இருக்கேன். அவ எழுதிக்கிட்டிருக்கா,” என்றாள் ஹேஸல். “நாய்க்குத் தண்ணி வை.”

மத்தியானம் கழித்து வின்னி வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது, அத்தை வீட்டுக்காரரின் காற்சட்டை இடுப்பிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மீந்த ரசத்தைக் குடித்தாள்.

“எப்படி?”

“கணக்கு நல்லாப் போட்டேன். ஒரு பத்தி கொடுத்து அர்த்தம் கேட்டாங்க, அதுல ரெண்டு தப்பு. கையை மடக்கவே முடியலை அம்மா.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ஆனா சந்தோஷமா இருந்துச்சு. யாரோட மார்க்கும் இல்ல, என்னோடதுன்னு.”

“ஏன், நான் போட்டது உன்னோடது இல்லையா?”

“உன்னோடது இதைவிடக் கஷ்டம்.”

ஆறு உறையும்வரை அவர்கள் லாரன்ஸ் பாயிண்டிலேயே இருந்தார்கள். மதிப்பெண் வந்தது. தப்பென்று வின்னி நினைத்த இரண்டில் ஒன்று சரியாகத்தான் இருந்தது. விண்ணப்பத்தில் ‘பள்ளித் தலைவரின் மதிப்பீடு’ என்ற இடத்தில் ஹேஸல் ஒரு பக்கம் எழுதினாள். எழுதி அடித்து, அடித்து எழுதி, கடைசியில் மகளைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை, அவள் கோபம் உட்பட, நேராக எழுதிப் போட்டாள். அந்த பி-யை மாற்றவில்லை. ஆனால் ஏன் போட்டேன் என்று ஒரு வரி சேர்த்தாள். நவம்பரில் பனிவண்டியில் வீடு திரும்பினார்கள். குளிர்காலம் முழுக்க வின்னி அப்பாவோடு பொறி பார்க்கப் போனாள், வந்து படித்தாள், தூக்கத்தில் பல்லைக் கடித்தாள்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாள் முற்பகல். கூரைப்பனி சொட்டிக்கொண்டிருந்தது. கார்ல் வாசலில் மீன்வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். ரேடியோ கரகரத்தது.

“வின்னி, வின்னி. அத்தை பேசறேன். தபால் விமானம் இப்பத்தான் போச்சு. காலேஜ்லேருந்து உனக்கு உறை ஒண்ணு வந்திருக்கு.”

வின்னி மேசையிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. மைக்கை எடுத்தாள். ஹேஸல்தான் பக்கத்தில் குனிந்து கேட்டாள். “மதினி, உறை மெலிசா இருக்கா, தடிமனா இருக்கா? மெலிசுன்னா இடமில்லைன்னு அர்த்தம்.”

“தடிமன். நல்ல தடிமன். கார்லை இப்பவே கிளம்பச் சொன்னாலும் வந்து திரும்பச் சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் எனக்கு உசிரு தாங்காது. ஆனா சட்டப்படி அடுத்தவங்க தபாலை நான் பிரிக்கக் கூடாது. வின்னி, உன் வாயால சொல்லு, பிரிக்கட்டா? ஊரே சாட்சி.”

“ஓட்டிஸ் சாட்சி,” என்று குறுக்கே ஒரு குரல். “நான் டெல்ஃபின் பக்கத்துலதான் நிக்கிறேன்.”

“பிரிங்க அத்தை,” என்றாள் வின்னி. குரல் எங்கோ தொலைவிலிருந்து வந்ததுபோல இருந்தது.

காகிதம் கிழியும் சத்தம் ரேடியோவில் கேட்டது. கார்ல் வலையைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்து நின்றான்.

“‘அன்புள்ள வின்னிஃப்ரெட்,’” என்று டெல்ஃபின் பள்ளிக்கூடக் குரலில் தொடங்கினாள். “‘உங்களுக்கு இதைத் தெரிவிப்பதில் பெருமகிழ்ச்சி’—”

அவ்வளவுதான். ஒரே நேரத்தில் ஆற்று நெடுக அத்தனை வீட்டிலும் மைக்கை அழுத்திவிட்டார்கள். அப்படி அழுத்தினால் ஒருவர் பேசுவதும் கேட்காது, கீச்சென்று ஒரு சத்தம்தான் வரும். அந்தக் கீச்சு நிற்கவே இல்லை. நடுநடுவே ஓட்டிஸின் கூச்சல் ஒரு துண்டு, யாரோ துப்பாக்கியை வானத்தில் சுட்ட சத்தம் ஒரு துண்டு, எங்கோ நாய்கள் ஊளையிடுவது ஒரு துண்டு. வின்னி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே குதித்தாள். கார்ல் வலையோடு சேர்த்து அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். இரண்டு பேரும் வலைக்குள் மாட்டிக்கொண்டு சிரித்தார்கள், அழுதார்கள்.

ஹேஸல் ரேடியோவின் பக்கத்திலேயே நின்றாள். கீச்சு சற்று ஓயும்வரை பொறுத்திருந்து மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“எல்லாரும் கையை எடுங்க,” என்றாள். “ஓட்டிஸ், நீயும்தான். என் பொண்ணுக்கு என்ன எழுதியிருக்காங்கன்னு நான் கேக்கணும். மதினி, முதல்லேருந்து வாசிங்க. ஒரு வார்த்தை விடக்கூடாது.”

“சரி டீச்சர்,” என்றாள் டெல்ஃபின்.

ஆறு நெடுக ஒரு மைக்கும் சத்தம் போடவில்லை. டெல்ஃபின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மேலே போட்டிருந்த தேதியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.